அவையோர் பதிந்த இசை
றொக் இசையரங்கு ஒலிநாடாக்களின் திரட்டும் திருத்தமும்

இசை தோன்றிய கணத்திலேயே மறையும் இயல்பினது. ஏட்டில் எழுதப்பெற்ற செய்யுள் ஏடு உள்ளவரை நிற்கும். அரங்கிற் பாடப்பெற்ற பாட்டோ கேட்டோர் நினைவளவில் நின்று, அவரோடு அழியும். இக்குறையை நீக்க வந்தது ஒலிப்பதிவுக் கருவி. அக்கருவி இசைத்தட்டு நிறுவனங்களின் கையில் மட்டும் இருந்த நிலை மாறி, தூக்கிச் செல்லத்தக்க நாடாக் கருவியாய் அவையிலிருந்தோர் கைக்கு வந்தபோது, மேனாட்டு றொக் இசைக்குப் புதியதொரு சான்றுவகை தோன்றிற்று. அதனைத் திரட்டுதலும் திருத்துதலும் இன்று தனித்துறையாய் வளர்ந்துள்ளன. அத்துறையின் பயன் யாது, எல்லை யாது என்பன ஆராயற்பாலன.

அரங்கிசைப் பதிவு இருவகைப்படும். மேடை ஒலிவாங்கிகளினின்றும் கலப்பு மேசைக்கு வரும் ஒலியை நேரே பெறுவது ஒன்று. அவையில் இருப்பவர் தம் ஒலிவாங்கியாற் பெறுவது மற்றொன்று. முன்னையதிற் குரலும் கருவியும் தெளிவுறும். ஆனால் மண்டபம் பெரும்பாலும் மறைந்துவிடும். பின்னையதில் தெளிவு குன்றும். ஆனால் சுவரிற்பட்டு மீளும் ஒலியும், கரகோசமும், பக்கத்திருந்தார் பேச்சும் உடன்வரும். முன்னையது பாடினவர் எதனைத் தந்தனர் என்பதற்குச் சான்று. பின்னையது கேட்டவர் எதனைப் பெற்றனர் என்பதற்குச் சான்று.

இவ்வகைச் சான்றின் அருமைக்கு ஓர் எடுத்துக்காட்டு வருமாறு: 1957 யூலை 6ஆம் திகதி லிவர்ப்பூல் நகரத்து வுல்ற்றன் தேவாலய மண்டபத்திலே குவாறிமென் என்னும் இளைஞர் குழு பாடிற்று. அதன் தலைவர் பதினாறு வயதினரான ஜோன் லெனன். அவர் போல் மக்காட்னியை முதன்முதற் கண்ட நாளும் அதுவே. அவையிலிருந்த ஓர் இளைஞர் குருண்டிக் நாடாக் கருவியில் அந்நிகழ்ச்சியின் சிறுபகுதியைப் பதிந்துகொண்டார். 1994இல் லண்டன் சொதபிஸ் ஏலத்தில் அந்நாடாவை ஈ.எம்.ஐ. நிறுவனம் 78,500 பவுண் கொடுத்து வாங்கிற்று. ஒலி மங்கியது, பாட்டும் முதிராதது. ஆயினும் பின்னாளில் பீற்றில்ஸ் எனப் புகழ்பெற்ற குழுவின் வித்தினை அன்றைய மண்டபத்தினுள்ளிருந்தே காட்டுவது அஃதொன்றே.

அவையோர் பதிவு வரலாற்றுச் சான்று மட்டுமன்று. சிலபோது கலைச்சிறப்பும் உடையது. 1969 நவம்பர் 9ஆம் திகதி கலிபோர்ணியாவின் ஒக்லாந்து நகரில் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் நிகழ்த்திய கச்சேரி இவ்வாறு பதியப்பட்டு, அனுமதியற்ற இசைத்தட்டாய் வெளிவந்தது. கிறீல் மார்க்கஸ் போன்ற திறனாய்வாளர் அதனைப் பாராட்டி எழுதினர். குழுவினரின் அச்சுற்றுப்பயணத்துக்குரிய முறையான அரங்கிசைத் தட்டு 1970இலேயே வெளிவந்தது. அதிற் சில பகுதிகள் ஒலிக்கூடத்தில் மீளப் பாடிச் சேர்க்கப்பட்டவை. ஆகவே அரங்கில் நிகழ்ந்ததை உள்ளவாறு தருவதில் அனுமதியற்ற தட்டே முன்னிற்கின்றது. எனினும் பிறர் உழைப்பை விற்றுப் பொருளீட்டிய செயல் அதனால் அறமாகிவிடாது.

இனித் திருத்தமாவது யாதெனின், அது பதிப்பாசிரியர் பணியையே ஒத்தது. ஒரு நாடாவிலிருந்து மற்றொன்று, அதிலிருந்து பிறிதொன்று எனப் படியெடுக்குந்தோறும் இரைச்சல் ஏறும், உயர்சுரங்கள் தேயும். ஏடு பெயர்த்தெழுதுவோரால் வழு பெருகுதல் போன்றதே இது. ஆதலின் திருத்துவோர் முதற்கடமை கருவியைக் கையிலெடுத்தலன்று. மூலத்துக்கு மிக அணித்தான படியைத் தேடுதலாம். லெட் செப்பெலின் குழுவின் 1977 யூன் 21ஆம் திகதிக் கச்சேரியை லொஸ் ஏஞ்சல்சை அடுத்த இங்கிள்வுட் அரங்கிலே பதிந்த மைக் மில்லார்ட் என்பவர், சக்கர நாற்காலியில் நகமிச்சிக் கருவியை மறைத்துக் கொண்டுசென்றவர் எனப் பெயர்பெற்றவர். அவர் 1994இல் மறைந்தபின், மூலநாடாக்கள் அழிந்தன என்றே பலர் நம்பினர். பின்னர் அவர் பதிந்த மூலநாடாக்கள் பல வெளிவந்தபோது, எத்துணைத் திருத்தத்தாலும் பெறமுடியாத தெளிவு அவற்றிற் கேட்டது.

நாடாவிற் கேட்கும் வேண்டா ஒலிகள் யாவும் ஓரினத்தன அல்ல. கருவியால் வந்தவை ஒருசாரன. அரங்கினால் வந்தவை மற்றொருசாரன. மின்கலம் தளர்ந்தாற் பதியும் நாடா மெல்ல ஓடும். அதனைச் சரியான வேகத்தில் ஒலிக்கச்செய்தாற் சுருதி உயர்ந்துவிடும். இதனைத் திருத்த இசைக்கருவிகளின் சுருதியை மட்டும் நம்பலாகாது. அவை அன்று வேறுவாறு சுருதிகூட்டப்பட்டிருத்தல் கூடும். மண்டபத்து மின்கருவிகளின் ரீங்காரம் நாடாவில் விழுந்திருப்பின், அது அமெரிக்காவில் வினாடிக்கு 60, ஐரோப்பாவில் 50 என்னும் மின்னோட்ட அதிர்வைச் சார்ந்து நிற்றலின் நல்ல அளவுகோலாகும். கேட்கும் கருவியின் காந்தத்தலை, பதிந்த கருவியின் தலைக்கு ஒப்பச் சாய்ந்திராவிடினும் உயர்சுரங்கள் கெடும். இவை யாவும் கருவிக் குற்றங்கள், களையத்தக்கவை.

அரங்கின் ஒலிகளோ வேறு. 1966 மே 17ஆம் திகதி மன்செஸ்ரர் பிறீ றேட் மண்டபத்தில் பொப் டிலன் மின்கித்தாருடன் பாடினார். அவையிலிருந்த ஒருவர் அவரை ‘யூதாஸ்’ என இகழ்ந்து கூவினார். அப்பதிவு அவையோர் எடுத்ததன்று. நெடுங்காலம் லண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தது எனத் தவறாகப் பெயரிடப்பட்டு உலவி, 1998இலேயே முறையாக வெளிவந்தது. ஆயினும் அதிற் பலரும் நினைவுகூர்வது அந்த ஒரு சொல்லையும், அதற்குப் பாடகர் இறுத்த விடையையுமே. ‘அவையின் இரைச்சல்’ என அதனை எவரேனும் துடைத்திருப்பின் நிகழ்ச்சியின் உயிரே போயிருக்கும்.

இன்றைய கணினி முறைகளின் இடர் இங்கேதான் உளது. இரைச்சலை அளவிறந்து நீக்குமிடத்துத் தாளத்தட்டின் தேய்ந்துசெல்லும் நாதமும் மண்டபத்தின் அதிர்வும் உடன் நீங்கி, ஒலி நீருக்குள்ளிருந்து வருவதுபோலாகும். குரலையும் கருவிகளையும் வேறுவேறாகப் பிரித்தெடுக்கும் புதுமுறையோ, இல்லாத ஒலியைப் புனைந்து வைத்தலும் கூடும். கசெற்றின் பக்கம் மாற்றுகையில் விடுபட்ட பகுதியை வேறொருவர் நாடாவிலிருந்து இட்டு நிரப்புதல் தக்கதே. ஆனால் இட்டது எது, எங்கிருந்து எடுத்தது எனக் குறியாவிடின் அஃது இடைச்செருகலாய் முடியும். கேட்டற்கு இனியதே போதும் என்பார்க்கு விடை எளிது: இனிய படி ஒன்றைச் செய்க, மாற்றாத படியையும் அதனருகே வைக்க.

திரட்டுவோர் ஒழுக்கமும் ஈண்டுக் கருதத்தக்கது. கலைஞர் இசைவின்றிப் பதிதலைத் தடுக்கும் காப்பினை 1961ஆம் ஆண்டு உரோம உடன்படிக்கை வகுத்தது. ஐக்கிய அமெரிக்கா 1994இற் சட்டமே இயற்றிற்று. மறுபுறம் கிறேற்புல் டெட் குழுவினர், விற்றலாகாது என்னும் நிபந்தனையுடன் பதிவுக்கு இசைந்து, 1984 ஒக்டோபரில் பேர்க்லி நகரக் கச்சேரிகளிற் பதிவோர்க்கெனத் தனியிடமும் ஒதுக்கினர். இசைவு கிடைத்த இடத்துப் பதிவோர் ஒளியவில்லை. இடமும் நாளும் கருவியும் படிமுறையும் எழுதிவைக்கும் வழக்கமும் வேரூன்றிற்று. 2002இல் இணைய ஆவணகம் தொடங்கிய அரங்கிசைத் திரட்டு அவ்வழக்கத்தின் கனியாகும்.

ஆகவே அவையோர் பதிவைத் திருத்துவோர்க்குரிய நெறி ஒன்றே. கருவி சேர்த்த மாசினைக் களைதல் வேண்டும். அரங்கு தந்த ஒலியைக் காத்தல் வேண்டும். செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் கேட்போர்க்கு அறிவித்தல் வேண்டும். இந்நெறி வழுவின், ஒலி எத்துணை இனிதாயினும் அஃது அவையின் சான்றாகாது.