'போது' என்றும் 'ஆல்' என்றும்

நாம் ஆடும் ரம்மியிலும் முந்நூற்று நாலிலும் சீட்டு பேசாது. ராணிக்கு என்ன மதிப்பு என்பது ஆடுகிறவர்கள் மனத்தில் இருக்கிறது. ஜப்பானில் 1999-ல் கோனாமி கம்பெனி வெளியிட்ட யூ-கி-ஓ ஆட்டம் அப்படியல்ல. அதில் பெரும்பாலான சீட்டுகளில் சில வரி வசனம் அச்சாகியிருக்கிறது. அந்த வசனந்தான் சட்டம். வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்பது என் தொழிலில் பாதி என்பதால், அந்த இங்கிலீஷ் வாசகத்தை விமரிசகனாகவே படிக்கிறேன்.

பீட்டன் என்று ஒரு கோமாளிச் சீட்டு. அது இடுகாட்டுக்குப் போகும்போது (கழித்த சீட்டுகளின் குவியலுக்கு அங்கே இடுகாடு என்று பெயர்) அதை ஆட்டத்தைவிட்டே விலக்கிவிட்டு, இன்னொரு பீட்டனைக் கையிலிருந்தோ கட்டிலிருந்தோ இறக்கலாம். எதிராளியின் பூதம் அடித்துக் கோமாளி செத்தால் தம்பி தாராளமாக வருவான். ஆனால் பெரிய பூதம் ஒன்றை இறக்குவதற்காக நாமே கோமாளியைப் பலி கொடுத்தால் தம்பி வரமாட்டான். கோமாளி இடுகாடு போனது முதல் காரியம். பெரிய பூதம் வந்தது கடைசிக் காரியம். 'வென்' என்ற சொல்லும் 'செய்யலாம்' என்ற விருப்பமும் சேர்ந்துவிட்டால், சொன்ன சம்பவமே கடைசியாக நடந்ததாக இருக்க வேண்டும். இல்லையேல் தருணம் தப்பியது. அதே இடத்தில் 'இஃப்' இருந்திருந்தால் தம்பி வந்திருப்பான். 'செய்ய வேண்டும்' என்று கட்டாயமாக இருந்தாலும் வந்திருப்பான்.

இந்தப் பேதம் அர்த்தமற்றதல்ல. 'மாமா வந்தால் காப்பி கொடு' என்றால் அரை மணி கழித்துக் கொடுத்தாலும் சொல் கேட்டதாகும். 'வரும்போது கொடு' என்றால் கொஞ்சம் அவசரம் தொனிக்கிறது. ஆனால், மாமாவுக்குப் பின்னால் அத்தையும் நுழைந்துவிட்டாள், ஆகவே மாமாவுக்குக் காப்பி கிடையாது என்று எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள்!

என் குறை இதுதான். சொல்லில் இல்லாத அர்த்தத்தைச் சட்டம் சொல்லின்மேல் ஏற்றிவிடுகிறது. ரிச்சர்ட் கார்பீல்ட் என்ற கணித நிபுணர் உண்டாக்கி 1993-ல் வெளிவந்த மேஜிக் ஆட்டத்திலும் இதே 'வென்' இருக்கிறது. அங்கே நடுவில் எது நுழைந்தாலும் பலன் காத்திருந்து தன் முறைக்கு வரும். ஒரே சொல், இரண்டு நீதி.

கோனாமிக்காரர்கள் வாசகத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் என்று சொல்ல முடியாது. 2011-ல் நடையையே திருத்தினார்கள். முக்காற்புள்ளிக்கு முன்னால் வருவது நிபந்தனை. அரைப்புள்ளிக்கு முன்னால் வருவது கொடுக்கவேண்டிய விலை. நிறுத்தக் குறிகளுக்கு இவ்வளவு மரியாதை செய்த வசனத்தை நம் பத்திரிகைகளில் தேடினாலும் கிடைக்காது. அப்படிப்பட்டவர்கள் 'வென்'னை மட்டும் ஏன் பழைய மூட்டத்திலேயே விட்டார்கள்? நுணுக்கம் அறிந்தவனுக்கு அது பரிசு என்று சிலர் வாதாடுகிறார்கள். ஆட்டத்தின் நுணுக்கத்துக்குப் பரிசு கொடுக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? கோமாளியைப் பலி கொடுத்த பையனோ சீட்டில் இருந்ததை இருந்தபடி படித்தவன். 'கடைசியாக' என்று ஒரு வார்த்தை அங்கே சேர்ந்திருந்தால் அவன் வேறு சீட்டைப் பலி கொடுத்திருப்பான்.