பார்த்திராத கவிதையும் ஐந்து விடைகளும்

அமெரிக்காவில் வகுப்பில் உட்காராமலே, தேர்வு மட்டும் எழுதிக் கல்லூரிப் பாடத்துக்கான கிரெடிட்டைப் பெற வழியுண்டு. 1967இல் தொடங்கிய கிளெப் தேர்வுகளைக் காலேஜ் போர்டு நடத்துகிறது. அவற்றில் ஒன்று, இலக்கியப் பகுதிகளை ஆராய்ந்து பொருள்காணும் தேர்வு. 98 நிமிடத்தில் ஏறக்குறைய 80 கொள்குறி வினாக்கள். 20 முதல் 80 வரையான அளவில் 50 எடுத்தால் கிரெடிட் தரலாம் என்பது அமெரிக்கக் கல்வி மன்றத்தின் பரிந்துரை. ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தக் கல்லூரியின் முடிவு.

இந்தத் தேர்வுக்குப் பாடநூல் கிடையாது. இன்னின்ன நூலைப் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. கவிதை, உரைநடை, நாடகம் என எது வந்தாலும், கண்முன் இருக்கும் வரிகளிலிருந்துதான் கேள்வி. இதை நான் பெரிய நேர்மையாகவே மதிக்கிறேன். ஆசிரியர் பிறந்த ஆண்டையும் அவர் எந்த இயக்கத்தைச் சேர்ந்தவர் என்பதையும் ஒப்பிக்க வைத்துவிட்டு, அதற்கு இலக்கியப் படிப்பு என்று பெயர் சூட்டும் தேர்வுகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இரவுப் பணி முடித்து நூலக நாவல்களைத் தானாகவே படித்து வளர்ந்த ஒருவரும், படைமுகாமில் இருக்கும் சிப்பாயும், நல்ல பள்ளியில் படித்தவருக்குச் சமமாக இங்கே உட்கார முடிகிறது. ‘மாடர்ன் ஸ்டேட்ஸ்’ என்ற அறக்கட்டளை பாடத்தையும் இலவசமாகத் தந்து, தேர்வுக் கட்டணத்துக்கும் உதவுகிறது.

குறை, தயாரிப்பு முறையில் தொடங்குகிறது. உருவகம், முரண், அங்கதம், ஆகுபெயர் என்று அணிகளின் பெயரை அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். பிறகு மாதிரித் தாள்கள். பகுதியைப் படிக்குமுன் கேள்வியைப் பார், பொருந்தாத விடைகளை அடித்துவிடு, மிஞ்சியதைத் தேர்ந்தெடு. ஒரு வினாவுக்கு எழுபது நொடிக்குச் சற்றே கூடுதல். பகுதியைப் படிப்பதும் அதற்குள்ளேதான். மதிப்பெண்ணுக்கு இந்த உத்தி உதவும். ஆனால் கண் கவிதையை விட்டுவிட்டு விடைகளை மேயப் பழகிவிடுகிறது.

ராபர்ட் பிரவுனிங் 1842இல் வெளியிட்ட ‘மை லாஸ்ட் டச்சஸ்’ கவிதையை எடுத்துக்கொள்வோம். இறந்துபோன மனைவியின் ஓவியத்தைக் காட்டி ஒரு பிரபு பேசுகிறான்; கேட்டுக்கொண்டிருப்பவன் அடுத்த திருமணத்துக்காக வந்த தூதன். பேசுபவன் வேறு, கவிஞன் வேறு என்று பிடிபடுவதுதான் முதல் படி. தலைவி கூற்று, தோழி கூற்று என்று படித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு அது எளிது. அதன்பிறகுதான் சிக்கல். அவன் அவளைக் கொல்லச் சொன்னானா? கவிதை அதை வெளிப்படையாகச் சொல்வதே இல்லை. அவன் குரலில் இருப்பது செருக்கா, பொறாமையா, பொருளை உடைமையாக்கும் வெறியா? மூன்றும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதே என் வாசிப்பு. ஐந்து விடைகளில் ‘மிகப் பொருத்தமான’ ஒன்றைக் கேட்கும் தாளில் இந்த வாசிப்புக்கு இடமில்லை.

முன்பின் அறியாத கவிதையைக் கொடுத்து வாசிப்பைச் சோதிப்பது புதிய யோசனை அல்ல. கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கவிஞர் பெயரை மறைத்து மாணவர்களிடம் கவிதைகளைக் கொடுத்தார். அவர்கள் எழுதித் தந்தவற்றை ஆராய்ந்து 1929இல் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ நூலை வெளியிட்டார். வரிகளின் நேர்ப்பொருளிலேயே பலர் தடுமாறியதை அவரால் காட்ட முடிந்ததற்குக் காரணம், அவர்கள் தம் சொந்தச் சொற்களில் எழுதியிருந்ததுதான். கிளெப் பெயரற்ற கவிதையை வைத்துக்கொண்டு, எழுதுவதை விட்டுவிட்டது. அரைகுறையாகப் புரிந்தவரும் முழுதும் புரிந்தவரும் ஒரே விடையைத் தேர்ந்தெடுக்கலாம்.

அதனால் தயாராகிறவர்களிடம் நான் வேறு வழியை வற்புறுத்துவேன். பகுதியை வாய்விட்டுப் படியுங்கள். பதினேழாம் நூற்றாண்டுக் கவிதை என்றால் எழுவாயையும் பயனிலையையும் முதலில் தேடிப் பிடியுங்கள்; ஜான் டன்னிடம் அவை வெகுதூரம் பிரிந்து கிடக்கும். விடைகளை மறைத்துவிட்டு, பேசுவது யார், யாரிடம், மனநிலை எங்கே திரும்புகிறது என்று இரண்டு வாக்கியம் எழுதுங்கள். தவறிய வினாவுக்குச் சரியான எழுத்தைக் குறித்துக்கொண்டு நகராமல், எந்தச் சொல் அந்த விடையைத் தாங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். இடையிடையே ஒரு முழு நாடகம், ஒரு முழு நாவல். துண்டுகளை மட்டுமே தின்று வளர்ந்த வாசிப்புக்கு, முதல் காட்சியில் விழுந்த சொல் ஐந்தாம் அங்கத்தில் என்னவாகிறது என்பது தெரியவே தெரியாது.

இவ்வளவுக்கும் பிறகு தேர்ச்சியின் பரிசு என்ன? பல கல்லூரிகளில் இந்தக் கிரெடிட் பொதுப்பாடக் கட்டாயத்தை நிறைவு செய்துவிடுகிறது. கணக்கியலோ செவிலியமோ படிக்கவிருக்கும் மாணவர், ஆசிரியரோடும் சக மாணவரோடும் ஒரு கதையைப் பற்றி வாதிட்டிருக்கக்கூடிய ஒரே வகுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார். பணம் மிச்சமாவது உண்மை. அது பலருக்குப் பட்டமே கைக்கு எட்டுவதற்கான வழி என்பதும் உண்மை. எனவே தேர்வை ஒழிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. கல்லூரி விரும்பினால் கேட்டுப் பெற்றுத் தானே திருத்தும் கட்டுரைப் பகுதி இந்தத் தேர்வில் இருந்ததுண்டு. கிரெடிட் வழங்கும் ஒவ்வொரு கல்லூரியும் அப்படி ஒரு கட்டுரையைத் தானாகவே வாங்கட்டும். ஒரு கவிதை, ஒரு மணி நேரம், வெற்றுத்தாள் போதும்.