தோளில் ஒரு மூங்கில்

ஈப்போவுக்குக் கிழக்கே, 2,183 மீட்டர் உயர்ந்த கொர்பு மலையின் அடிவாரக் காட்டில் மார்கழி மழையில் நனைந்து நிற்கும் மூங்கிலைக் காணுந்தோறும், 1984 பிப்ரவரி 12 அன்று, தமது 43ஆம் ஜன்ம தினத்தில், 6,190 மீட்டர் உயர டெனாலிச் சிகரத்தைக் கடுங்குளிர்காலத்தில் ஏகாங்கியாய் முதன்முதல் எட்டிய ஜப்பானிய வீரர் நவோமி உயெமுராவே என் நினைவுக்கு வருகிறார். கயிற்றின் மறுமுனையில் துணைவன் இல்லாத அவர், பனிப்பிளவில் விழ நேர்ந்தால் இரு விளிம்பிலும் ஊன்றித் தாங்குமாறு, நீண்ட மூங்கிற்கழிகளை உடலோடு பிணைத்துக்கொண்டார். நம் ரப்பர்த் தோட்டங்களில் பால்வாளிகளைச் சுமந்த காண்டாக் கம்பைப் போலவே தோளை ஆதாரமாகக் கொண்ட அந்த எளிய சாதனத்தில்தான் எத்தனை விவேகம்! இறங்குகையில் அவர் மறைந்தார், தேகம் அகப்படவில்லை. ஆயினும், 1970 கோடையிலேயே அதே மலையைத் தனித்தேறி வென்றிருந்தும் அதன் அபாயத்தை அலட்சியம் செய்யாத அந்த முன்யோசனையை, அவரது துணிவினும் மேலாக நான் வந்தனை செய்கிறேன்.