பதினைந்து போர்ட் கணக்கு

இன்டெல் மேக்குகளுக்கு வரும் கடைசி மேக்ஓஎஸ் 'டஹோ'தான் என்று 2025 ஜூனில் ஆப்பிள் சொன்னதும், சாதாரண பிசியில் மேக்ஓஎஸ் ஓட்டும் ஹேக்கின்டாஷுக்கு இரங்கல் எழுதுகிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். எல்லா இரங்கலிலும் ஒரே வரி: 'எங்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்ததே அதுதான்.' எனக்கு ஒப்பாத வரி அதுதான்.

ஹேக்கின்டாஷ் மலிவு என்பது உண்மை. தானே பார்த்துப் பொறுக்கிய மதர்போர்டில் ஃபைனல் கட் எடிட்டிங் மென்பொருளை ஓட்டியவரின் சந்தோஷத்தை நான் கேலி செய்யவில்லை. அதற்கான பூட்லோடர் ஓப்பன்கோரை எழுதியவர்களின் திறமை பெரிது. ஆப்பிள் அல்லாத பெட்டியில் மேக்ஓஎஸ் போடக் கூடாது என்ற லைசென்ஸ் சங்கதி, அப்படிப் பெட்டி விற்ற சைஸ்டார் நிறுவனம் 2009-லேயே நீதிமன்றத்தில் ஆப்பிளிடம் தோற்றதோடு தெரிந்துபோன கதை. அதெல்லாம் இருக்கட்டும். எழுதியவர்கள் கற்றது வேறு, எடுத்துப் போட்டுக்கொண்டவர்கள் கற்றது வேறு.

யூஎஸ்பி போர்ட்டையே பார்ப்போம். 2015-ல் எல் கேபிடன் பதிப்பு வந்ததிலிருந்து ஒரு கன்ட்ரோலருக்கு 15 போர்ட்தான். எந்த வழியாகச் செருகியிருக்கிறது என்று காட்டும் எண்ணில் ஒவ்வொரு படிக்கும் 4 பிட் இடம்தான் உண்டு. அதில் 15-ஐத் தாண்டி எழுத முடியாது. ஆப்பிள் தன் பெட்டிக்குத் தைத்த சட்டை அது. இசட்390 சிப்செட்டிலோ யூஎஸ்பி 2-க்கு 14 வழி, யூஎஸ்பி 3-க்கு 10 வழி. நீல நிற போர்ட் கண்ணுக்கு ஒன்று, கணக்குக்கு இரண்டு: யூஎஸ்பி 2-க்கான எச்எஸ் ஒன்று, யூஎஸ்பி 3-க்கான எஸ்எஸ் ஒன்று. ப்ளூடூத்தும் உள்ளே சத்தமில்லாமல் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். எந்த 15 வேண்டும் என்று நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். அதற்குப் பழைய பென்டிரைவ் ஒன்று, புதியது ஒன்று கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு போர்ட்டாகச் செருகி, திரையில் எந்தப் பெயர் வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மேப்பிங் என்பது இதுதான். ஒரு மணி நேர வேலை. குனிந்து குனிந்து முதுகு வலிக்கும்.

இந்த ஒரு மணி நேரத்தைத்தான் பலரும் கொடுக்கவில்லை. வரம்பைத் தூக்கிவிடும் பேட்ச் ஓப்பன்கோரில் ஒற்றை வரி. 'ஃபால்ஸ்' என்பதை 'ட்ரூ' ஆக்கினால் போதும். மேப்பிங் முடியும்வரைக்கான தற்காலிக ஏற்பாடு என்றுதான் வழிகாட்டியில் போட்டிருந்தது. யார் படித்தார்கள்? 2021 ஏப்ரலில் மேக்ஓஎஸ் பிக் சர் 11.3 வந்தது, பேட்ச் பலிக்கவில்லை. வருஷக்கணக்கில் அந்தப் பெட்டியோடு குடித்தனம் நடத்தியவர்களுக்குப் பின்பக்கத்தில் எந்த ஓட்டைக்கு என்ன பெயர் என்றே தெரியவில்லை என்பது அன்றைக்குத்தான் வெளிச்சமானது.

அடுத்த கைவைத்தியம், அதே போர்டு வைத்திருக்கும் இன்னொருவரின், பூட் அமைப்புகள் எல்லாம் இருக்கும் ஈஎஃப்ஐ ஃபோல்டரை அப்படியே கொண்டுவந்து போடுவது. போர்டு ஒன்றுதான், கேபினெட் வேறல்லவா? அவருக்கு முன்பக்க போர்ட் தேவைப்பட்டிருக்காது, வெட்டியிருப்பார். நமக்கோ அதுதான் தினமும் வேண்டும். மேப் ஃபைலுக்குள் 'ஐமேக்19,1' என்று மாடல் பெயரும் இருக்கும். வேறு காரணத்துக்காக மாடலை மாற்றினால் மேப் மொத்தமும் கம்மென்று கிடக்கும். அப்புறம் கெக்ஸ்ட் என்னும் டிரைவர் ஃபைல் இன்னொன்று, அதன்மேல் இன்னொரு பேட்ச். காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் ஒரே மாத்திரை. சரியாகிவிட்டால் எந்த மாத்திரையால் சரியானது என்று கேட்பாரில்லை. இதற்குப் பெயர் கல்வியா?

பழுது பார்ப்பதில் முதல் பாடமே, ஒரே அறிகுறிக்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்பது. ஹேக்கின்டாஷ் இந்தப் பாடத்தைச் சொல்லித்தரவில்லை, இருந்ததையும் மறக்கடித்தது. எதற்கெடுத்தாலும் கெக்ஸ்டைச் சந்தேகிக்கப் பழக்கியது. வன்பொருளே கெட்டிருக்கலாம் என்ற நினைப்பு கடைசியில்தான் வரும், வந்தால்.

சொந்தக் கதை ஒன்று. என் மெஷினில் முன்பக்க போர்ட்டில் ஹார்ட்டிஸ்க்கைச் செருகினால் தெரியும். வேகம் மட்டும் யூஎஸ்பி 2 அளவுக்கு, 480 மெகாபிட்டில் நிற்கும். மேப்பில் எஸ்எஸ் வழி விட்டுப்போனால் அச்சு அசலாக இப்படித்தான் ஆகும். ஆகவே மேப்தான் என்று முடிவுகட்டி, இரண்டு ராத்திரி மேப்பைத் திருத்தினேன்: போர்ட் வகை எண்ணை 3-லிருந்து 255 ஆக்கினேன், திரும்ப 3 ஆக்கினேன், யாரோ சொன்ன கெக்ஸ்டைச் சேர்த்தேன். பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி அதே போர்ட்டைச் சோதித்திருந்தால் பத்து நிமிஷத்தில் விடை கிடைத்திருக்கும். அங்கேயும் 480 என்றால் மேக்ஓஎஸ்மேல் பழியில்லை. எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் தூசி தட்டக் கேபினெட்டைத் திறந்தபோது, முன்பக்க ஒயரை மாட்டும் 19 ஊசி ஹெடரில் ஓர் ஊசி படுத்துக் கிடந்தது. வேக வழிக்கான ஊசி. புருவம் திருத்தும் இடுக்கியால் மெல்ல நிமிர்த்தி ஒயரை மாட்டினேன். 5 ஜிகாபிட்.

அந்த இரண்டு ராத்திரியில் சேர்த்த பேட்ச்கள் இன்னும் ஈஎஃப்ஐ ஃபோல்டரிலேயே இருக்கின்றன. எதை எதற்குப் போட்டேன் என்று நினைவில்லை. எடுத்தால் என்ன ஆகுமோ என்று எடுக்கவும் இல்லை.