பெல்ட் மாறாத பேண்ட்சா

சித்தூர்க்காரர்களுக்கு அறுப்பு வேலை புதிதல்ல. குப்பத்துக் கிரானைட்டை அறுக்கும் வைர வட்ட ரம்பத்தின் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 30 மீட்டர் ஓடும். கல் கெட்டியானால் அதையும் குறைப்பார்கள். அந்தப் பக்குவம் திருப்பதி, ரேணிகுண்டா பக்கத்து இரும்புப் பட்டறைகளுக்கு வருவதற்குள் எங்கோ தொலைந்துவிடுகிறது. நான் பார்த்த பட்டறைகளில் பேண்ட்சாவின் பெல்ட், மெஷின் வந்திறங்கிய நாளில் எந்தப் படியில் இருந்ததோ அதே படியில்தான் கிடக்கிறது. காலையில் எம்.எஸ். ரவுண்ட், மதியம் 304 எஸ்.எஸ்., சாயங்காலம் டை செய்ய டி2. எல்லாம் ஒரே ஸ்பீடு.

கேட்டால், "காது சொல்லும் சார்" என்பார்கள். அதை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. பழகிய ஆபரேட்டர் சத்தத்தை வைத்தே பல் கடிக்கிறதா, வெறுமனே தேய்க்கிறதா என்று சொல்லிவிடுவார். மெஷினை நிறுத்தி, கீழே விழுந்த சுருளை எடுத்துப் பார்ப்பார். வெள்ளையாக, தளர்வாகச் சுருண்டிருந்தால் சரி. தூளாக வந்தால் ஃபீடு போதவில்லை. நீலம் பாய்ந்து தடித்திருந்தால் அளவு மீறிவிட்டது. ஒரே கிரேடு என்று வாங்கிய இரண்டு கம்பிகள் ஒன்றுபோல அறுபடாது. அட்டவணைக்குத் தெரியாத அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியும்.

ஆனால் காது நம்பிக்கையாகச் சொல்வது ஃபீடைப் பற்றித்தான். வேகம் தப்பு என்று அது சொல்லும் நேரத்தில் பல்லின் முனை மழுங்கத் தொடங்கியிருக்கும். பைமெட்டல் பிளேடின் எம்42 பல், கூலண்ட் பாய்ந்தால் எம்.எஸ்ஸில் நிமிடத்துக்கு 60 முதல் 80 மீட்டர் தாங்கும். 304-க்கு அதில் பாதி. டி2-க்கு 30-ஐ ஒட்டி. எஃப்.டபிள்யூ. டெய்லர் 1907-இல் வெளியிட்ட உலோக வெட்டு ஆய்வின் வழிவந்த சூத்திரப்படி, ஹைஸ்பீடு ஸ்டீல் உளியின் வேகத்தை 10 சதவீதம் கூட்டினாலே ஆயுள் பாதியாகிவிடும். அது லேத் கணக்கு என்றாலும் ரம்பப் பல்லும் அதே வழியில்தான் தேய்கிறது. இரண்டு மடங்கு வேகத்தில் எஸ்.எஸ். அறுத்துவிட்டு, பிளேடு டூப்ளிகேட் என்று கடைக்காரரைத் திட்டுவதில் நியாயமே இல்லை.

எதற்கும் மெதுவாகவே ஓட்டு என்னும் மேஸ்திரிகளும் உண்டு. வேகத்தோடு ஃபீடையும் பயந்து குறைத்தால், தேய்பட்ட எஸ்.எஸ். மேல்தோல் இறுகிவிடும், அடுத்து வரும் பல் அதில்தான் மோத வேண்டும்.

பழி முழுக்க ஆபரேட்டர் மேல் இல்லை. கார்டைத் திறந்து, மோட்டாரைத் தளர்த்தி, பெல்ட்டைப் படி மாற்ற ஐந்து நிமிடமாகும். அறுக்க வேண்டியதோ இரண்டே துண்டு. எத்தனை துண்டு ஆச்சு என்று தினமும் கேட்கும் முதலாளி, எத்தனை பிளேடு போச்சு என்று மாதக் கடைசியில்தான் கேட்கிறார்.

மெஷின் தகட்டில் எழுதியிருக்கும் வேகத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். மெஷினை நிறுத்தி, பிளேடில் சாக்பீஸ் கோடு ஒன்று போடுங்கள். கார்டை மூடி, கூலண்ட் இல்லாமல் வெறுமனே ஓடவிட்டு, எட்டி நின்று ஒரு நிமிடம் எண்ணுங்கள். 3 மீட்டர் பிளேடு 20 சுற்று வந்தால் 60 மீட்டர். அந்த நிலையில் எஸ்.எஸ். ஏற்றாதீர்கள், முதலில் பெல்ட்டை இறக்குங்கள்.