ஆடினாலும் கலையாத சுருதி

மின்கிட்டாரின் ட்ரெமலோ பிரிட்ஜ், சேர்த்துவைத்த சுருதியைக் கலைப்பதற்கென்றே செய்யப்பட்ட உறுப்பு. அதன் கைப்பிடியை அழுத்தினால் ஆறு தந்திகளும் ஒருசேரத் தளர்ந்து சுரம் இறங்கும். மேலே இழுத்தால் ஏறும். விட்டதும் எல்லாம் பழைய இடத்துக்கே வந்தாக வேண்டும். ஆகவே இந்தக் கிட்டாரில் சுருதி நிற்கிறது என்று சொன்னால், அசைந்தவை அனைத்தும் பிசகாமல் திரும்புகின்றன என்று பொருள். அந்தத் திரும்புதலுக்கு வழியமைப்பதில்தான் கைவினைஞரின் திறம் தெரியும்.

இந்த அமைப்பின் செவ்வியல் வடிவம் 1954-இல் கலிஃபோர்னியாவில், லியோ ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாருடன் வந்தது. அதற்கு முந்தைய பிக்ஸ்பி அமைப்பில் தந்திகளைப் பிடிக்கும் வால்பகுதி தனி, பிரிட்ஜ் தனி. ஃபெண்டர் இரண்டையும் ஒன்றாக்கினார். மேலே ஓர் உலோகத் தகடு. அதில் தந்திக்கு ஒன்றாக ஆறு சாடில்கள். தகட்டின் அடியில், கிட்டாரின் உடலைத் துளைத்து இறங்கும் கனத்த எஃகுக் கட்டை. கட்டையின் அடிமுனையில் மாட்டிய ஸ்பிரிங்குகள், முதுகுப் பள்ளத்தில் மரத்தோடு திருகப்பட்ட கொக்கித் தகட்டைப் பற்றியிருக்கும். 0.010 முதல் 0.046 அங்குலம் வரையான தந்திகளை வழக்கமான சுருதியில் கட்டினால் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 47 கிலோ எடைக்கு நிகராக ஒரு பக்கம் இழுக்கும். ஸ்பிரிங்குகள் மறுபக்கம் இழுத்து அதை ஈடுகட்டும். சாடில்கள் தந்திகளோடு சேர்ந்தே சாய்வதால் பிரிட்ஜின் மேல் உரசல் வெகுவாகக் குறைந்தது. தொல்லை கழுத்தின் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே இருப்பது நட்: தந்திகள் தலைப்பகுதிக்குள் நுழையும் இடத்தில், எலும்பிலோ பிளாஸ்டிக்கிலோ செய்து, தந்திக்கு ஒரு காடி வெட்டிப் பதித்த சிறு பட்டை. கைப்பிடியை அழுத்தும்போது வாசிக்கும் பகுதியில் இழுவிசை குறையும். நட்டுக்கு அப்பால் இன்னும் விறைப்பாக இருக்கும் துண்டு, தந்தியை மயிரிழை அளவு தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கைப்பிடியை விட்டதும் அந்த மயிரிழை திரும்ப வேண்டும். காடி இறுக்கமாக இருந்தால் அது வராது. தந்தி சுருதிக்கு மேலே நின்றுவிடும். விரலால் தந்தியை வளைத்து வாசித்தால் நடப்பது நேரெதிர்: தலைப்பக்கத்து நீளம் உள்ளே வந்து மாட்டிக்கொள்ள, சுருதி கீழே நிற்கும். நாடி பார்க்கும் வைத்தியரைப் போல, தேர்ந்த கைவினைஞர் இந்த இரண்டையும் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். தலைப்பகுதியில் தந்தியை முறுக்கும் டியூனரை மெல்லத் திருகும்போது சுரம் சீராக ஏறாமல், 'டிங்' என்ற சிற்றொலியோடு தாவினால் பழி நட்டின் மேல்தான்.

மருந்து எளியது, கை நிதானம் மட்டும் வேண்டும். காடியைத் தந்தியின் கனத்தைவிட ஒரு நூல் அகலமாக அராவி, அடியை வளைவாக்கி, தலைப்பக்கம் சற்றே சரியவிட்டு மெருகேற்ற வேண்டும். ஆழமாக அராவிவிட்டால் தந்தி ஃப்ரெட்டில் மோதி அதிரும். பிறகு புது நட்தான். பென்சில் முனையின் கிராஃபைட் தூளைக் காடியில் தேய்ப்பது பழைய வழக்கம். இன்றும் பயன் தருவது. உருளைகள் பொருத்திய நட்டுகளும் உண்டு. மெல்லிய தந்திகளைத் தலையோடு அழுத்திப் பிடிக்கும் சிறு கொக்கிகள் இன்னோர் உரசல் இடம். அவற்றுக்கும் அதே மெருகும் மசகும் வேண்டும்.

டியூனரில் தந்தியைச் சுற்றுவதிலும் ஒழுங்கு உண்டு. ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், கீழ்நோக்கி இரண்டு மூன்று சுற்றுகள் போதும். சுற்று மிகுந்தால் ஒவ்வொரு அசைவிலும் அது இறுகித் தளரும். தந்தியைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு டியூனர்களில் ஒரு சுற்றுகூடத் தேவையில்லை. புதுத் தந்தியைக் கட்டியதும் கையால் இழுத்து நீட்டி, மறுபடி சுருதி சேர்ப்பதைச் சுரம் இறங்காமல் நிற்கும்வரை செய்ய வேண்டும்.

அடுத்தது சுழல்முனை. பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தகடு ஆறு திருகுகளின் மேல் சாய்ந்தாடும். பல கைவினைஞர்கள் ஓரத்து இரண்டை மட்டும் தாங்க விட்டு, நடு நான்கையும் சற்றே தளர்த்திவைப்பார்கள். பின்னாளில் வந்த இரு தூண் அமைப்பில் தகட்டின் கூர்விளிம்புதான் அச்சு. தந்திகள் முறுக்கேறியிருக்கும்போதே தூணைத் திருகி உயரம் மாற்றினால் அந்த விளிம்பு மழுங்கும். மழுங்கிய விளிம்பு ஒவ்வொரு முறையும் வேறு வேறு புள்ளியில் அமரும்.

கடைசியில் சமநிலை. தகட்டின் பின்புறம் உடலிலிருந்து 1/8 அங்குலம், அதாவது சுமார் 3 மி.மீ., எழும்பி நிற்பது ஃபெண்டர் சொல்லும் அளவு. ஒரு தந்தியை ஏற்றினால் பிரிட்ஜ் சாய்ந்து மற்ற ஐந்தும் இறங்கிவிடுவதால், நேராகச் சுருதி சேர்ப்பது பொறுமையைச் சோதிக்கும். சுருக்கு வழி ஒன்று உண்டு. தகடு வேண்டிய உயரத்தில் நிற்கும்படி எஃகுக் கட்டைக்கும் மரத்துக்கும் இடையே ஆப்பு செருகி, ஆறு தந்திகளையும் சேர்த்துவிட்டு, கொக்கித் தகட்டின் திருகுகளைச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஸ்பிரிங்கின் பலம் தந்திகளுக்கு ஈடான கணத்தில் ஆப்பு தானாகக் கழன்று விழும்.

இப்படி உடலைத் தொடாமல் மிதக்கும் பிரிட்ஜுக்குச் சில குணங்கள் பிறவியிலேயே உண்டு. ஒரு தந்தி அறுந்தால் மற்றவை ஏறிவிடும். ஒன்றை வளைத்தால் மற்றவை இறங்கும். இதைத் தவிர்க்க, கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பிரிட்ஜை மரத்துண்டால் அடைத்து அசைவையே துறந்தார். ஃப்ளாய்ட் ரோஸ் 1970-களின் பிற்பகுதியில் தந்தியை நட்டிலும் பிரிட்ஜிலும் பூட்டினார். 1979-இல் காப்புரிமை கிடைத்தது. எவ்வளவு ஆழமாக அழுத்தினாலும் சுருதி தவறாத அந்த அமைப்பில், தந்தி மாற்றுவதற்கே அறுகோணச் சாவி வேண்டும்.

பூட்டாமலும் அடைக்காமலும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குக் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் சான்று. 1989-இல் வெளிவந்த 'வேர் வேர் யூ' என்ற இசைத்துண்டில், ஹார்மோனிக் ஒலிகளை எழுப்பிக் கைப்பிடியாலேயே அவற்றை வளைத்து மெட்டைப் பாடவைக்கிறார். ஒவ்வொரு சுரமும் கைப்பிடியின் நகர்வில் பிறப்பதால், பிரிட்ஜ் திரும்பும் இடம் சற்றே பிசகினாலும் அடுத்த சுரம் அபசுரமாகிவிடும். உரசலற்ற நட், கூர் மழுங்காத அச்சு, ஈடான ஸ்பிரிங் என்ற மூன்றும் கூடிவந்த கிட்டாரில்தான் அத்தகைய வாசிப்புக்கு இடமுண்டு.