கழிவில் எழுந்தவனுக்குக் கதவடைப்பு

குருதி கொட்டுகிறது; குடல் சரிகிறது; கொட்டகையிலே கூடியிருப்போர் கைகொட்டிச் சிரிக்கின்றனர். "இதுவும் ஒரு கலையா?" என்று முகஞ்சுளிப்போர் உண்டு. சுளிக்கட்டும், அது அவர்தம் உரிமை. ஆனால், முகஞ்சுளிப்பவரே கொட்டகைக் கதவைச் சாத்தும் உரிமையும் தமக்கே என்றால், அதை ஒப்புக்கொள்ளலாமா? அமெரிக்க நாட்டிலே 'தி டாக்சிக் அவெஞ்சர்' என்னும் படம் பட்ட பாட்டை எண்ணும்போது நாம் கேட்க விரும்புவது இதுதான்.

பழைய படம் 1984-இல் வந்தது. லாய்ட் காஃப்மன், மைக்கேல் ஹெர்ஸ் ஆகிய இருவரின் டிரோமா நிறுவனம் சிறு முதலீட்டில் எடுத்தது. உடற்பயிற்சிக் கூடத்தில் தரை துடைக்கும் ஓர் எளியவன்; ஏளனத்துக்கு ஆளானவன்; நச்சுக் கழிவில் விழுகிறான்; கோர உருவோடு எழுகிறான்; ஊரைச் சுரண்டும் கயவரைக் கிழித்தெறிகிறான். நள்ளிரவுக் காட்சிகளிலே நியூயார்க் இளைஞர்கள் அவனைக் கொண்டாடினர். 1991-இல் அதே கோர உருவைச் சிறுவர்க்கான கேலிச்சித்திரத் தொடராக்கித் தொலைக்காட்சியில் காட்டினர்! விலைபோகும் என்று தெரிந்ததும் தீட்டு எங்கே போயிற்று?

அக்கதையை மேக்கன் பிளேர் புதிதாக எடுத்தார். பீட்டர் டிங்க்ளேஜ் தலைவன். கெவின் பேக்கன் கொடிய முதலாளி. 2023 செப்டம்பரில் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரத் திரைப்பட விழாவில் படம் காட்டப்பட்டது. பிறகு? பெட்டிக்குள் அடைபட்டது. பேர்பெற்ற நடிகர் இருந்தும், ஆயத்தமான படம் இருந்தும், வெளியிட முன்வருவோர் இல்லை. "இது திரையிடத் தகாதது" என்ற பேச்சே எங்கும் சுற்றிவந்தது. 2025 ஆகஸ்ட் 29-இல்தான் அது கொட்டகைகளுக்கு வந்தது. இரண்டாண்டுகளுக்குச் சற்றே குறைவான சிறைவாசம்!

சிறையிட்டவர் யார்? அரசாங்கமா? இல்லை. அங்கே சட்டம் தடுக்கவில்லை. 1968 முதல் நடைபெறும் தரச்சான்று முறை, பெரும்பட நிறுவனங்களின் சங்கம் ஏற்படுத்தியது. சான்று பெற்றே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆயினும், சான்றில்லாப் படத்தை ஏற்கக் கொட்டகை முதலாளிகள் பலர் தயங்குவர். 1990-இல் புகுத்தப்பட்ட 'என்சி-17' என்னும் கடுஞ்சான்றோ, வணிகத்துக்குக் கேடு என்று அஞ்சப்படுவது. எனவே, சட்டத்தின் கத்தரிக்கோல் இல்லாத இடத்திலே சந்தையின் கத்தரிக்கோல் வேலை செய்கிறது. குருதியைக் கண்டு அஞ்சினர் என்பதைவிட, கணக்கேட்டைக் கண்டு அஞ்சினர் என்பதே பொருந்தும் என்போம்.

"குருதியைக் குறைத்துக்கொண்டால் என்ன?" என்பர் சிலர். இவ்வகைப் படத்திலே நகைச்சுவை பிறப்பதே மிகையில்தான். ஓர் உடலில் இருக்கவியலாத அளவு குருதி பீறிடும்போது, அது பொய் என்று கண்டு நாம் சிரிக்கிறோம். அளவாகக் கொட்டினால் அது மெய்போலாகும். சிரிப்பு மாளும், அருவருப்பே மிஞ்சும்.

அந்தச் சிரிப்புக்குள் ஒரு சினமும் இருக்கிறது. புதிய படத்துத் தலைவன் வின்ஸ்டன், மனைவியை இழந்தவன். அவள் மகனைத் தன் மகனாய் வளர்ப்பவன். தொழிற்சாலையில் துப்புரவுத் தொழிலாளி. உயிர்கொல்லும் நோய் வருகிறது. காப்பீடு கைவிடுகிறது. முதலாளியிடம் மன்றாடுகிறான், பயனில்லை. திருடத் துணிகிறான், நச்சுக் கழிவில் எறியப்படுகிறான். படத்தில் குடல் சரிவது கற்பனை. மருத்துவக் கடனால் குடி முழுகுவது அந்நாட்டு நடப்பு! இதனை உணர்ந்தே போலும், வெளியீட்டாளர்களான சினிவெர்ஸ் நிறுவனத்தார், ஓர் அறநிறுவனத்தோடு சேர்ந்து ஐம்பது லட்சம் டாலர் மருத்துவக் கடனைத் தீர்க்க முன்வந்தனர். விளம்பரந்தான், எனினும், கதையின் உட்பொருளைக் கண்டுகொண்ட விளம்பரம்.

குறை இல்லையா? உண்டு. வேடிக்கைமேல் வேடிக்கையை அடுக்கும் ஆவலில், தொடக்கத்தில் மூண்ட சினம் பின்பகுதியில் தணிந்துவிடுகிறது. கொடிய முதலாளி கோமாளியாகிறான். கோமாளியைக் கண்டு எவர் கொதிப்பார்? ஆனால், இக்குறையைச் சொல்லவும் முதலில் படம் திரைக்கு வரவேண்டுமே!

கதவு எப்படித் திறந்தது? அதே நிறுவனத்தார் 2024 அக்டோபரில் 'டெரிஃபையர் 3' என்ற குருதிப் படத்தைச் சான்றே இன்றி வெளியிட்டனர். ஏறத்தாழ 20 லட்சம் டாலரில் எடுத்தது, உலகெங்கும் ஏறத்தாழ 9 கோடி டாலர் குவித்தது. அதன்பின்னரே, 2025 சனவரியில், வின்ஸ்டனை வாங்கிய செய்தி வந்தது. பூட்டியது பணம், திறந்ததும் பணம்! வின்ஸ்டனோ பெருவசூல் காணவில்லை. இனி இத்தகைய படமொன்று வந்தால், "முன்னதன் கணக்கைக் காட்டு" என்றுதானே கேட்பர்? இலாபம் ஈந்த உரிமையை நட்டம் பறித்துக்கொள்ளும்.

சிறுவர்க்கு இப்படம் ஆகாது; வாயிலிலேயே தடுத்திடுக. வளர்ந்தவர்க்கோ, உள்ளே என்ன இருக்கிறது என்று உரைத்திடுக. நுழைவதா திரும்புவதா என்பதை அவர் அறிவே முடிவு செய்யட்டும். கலைக்கூடத்தின் வாயிலில் எச்சரிக்கைப் பலகை இருக்கலாம். பூட்டு இருத்தல் கூடாது. கணக்கப்பிள்ளையின் கையில் அதன் திறவுகோல் இருத்தல் கூடவே கூடாது!